பிழையும் குறையும்: இயங்குதளக் கருநிரலின் நினைவகக் கருத்துரைகள் – ஓர் உரைமரபு நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

கணினியின் இயங்குதளக் கருநிரலில் (கர்னல்) நினைவகப் பக்கம் ஒன்று உரிய இடத்தில் இல்லாதபோது நிகழும் குறுக்கீட்டைக் கையாளும் பகுதி மிக நுட்பமானது. அப்பகுதியில் நிரலாளர்கள் எழுதிவைத்த கருத்துரைகள், நிரல் தன்னளவில் சொல்ல இயலாத காரணங்களைச் சுமந்து நிற்கின்றன. 1975ஆம் ஆண்டு யூனிக்ஸ் ஆறாம் பதிப்பிலும், பின்னர் லினக்ஸிலும் இடம்பெற்ற சில கருத்துரைகளின் வரலாற்றைத் தமிழ் உரைமரபின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது. மூலம் நிலைத்திருக்க உரை பெருகுவது தமிழ் மரபு. நிரலுலகில் மூலம் மாறிக்கொண்டிருக்க உரை பின்தங்குகிறது. இவ்வேறுபாட்டின் விளைவுகளையும், ‘ஃபால்ட்’ என்னும் சொல்லைத் தமிழில் ‘பிழை’ எனப் பெயர்ப்பதால் எழும் குழப்பத்தையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கருநிரல், மெய்நிகர் நினைவகம், பக்கக் குறை, கருத்துரை, காண்டிகையுரை, யூனிக்ஸ், லினக்ஸ், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களைக் கொண்ட தோல் தொழில் வட்டாரம் 2019 நவம்பர் வரை வேலூர் என்னும் ஒரே மாவட்டத்தின்கீழ் இருந்தது. இன்று அது மூன்று மாவட்டங்களாகப் பிரிந்துள்ளது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக, தமிழகத்தின் பிற பகுதிகளைப் போலவே இவ்வட்டாரத்துத் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றிலும் கணினி நுழைந்தது. அத்திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. லினக்ஸின் மூலநிரல் எவரும் படிக்கத் திறந்திருப்பது. ஆகவே, உலகின் மிகப் பெரிய கூட்டுப் பனுவல்களுள் ஒன்று, சட்டத் தடையோ கட்டணமோ இன்றி இவ்வட்டார மாணவர்க்குப் படிக்கக் கிடைத்தது எனலாம்.

கிடைப்பது வேறு, விளங்குவது வேறு. கருநிரலைத் திறந்து படிக்க முனையும் மாணவர், நிரல்வரிகளுக்கு இடையே ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கருத்துரைகளைச் சார்ந்தே முன்னேற வேண்டியுள்ளது. அக்கருத்துரைகள் எத்தகையவை? அவை எவற்றை விளக்குகின்றன? அவை தவறும்போது என்ன நிகழ்கிறது? தமிழில் அவற்றுக்கு உரை எழுதுவோர் எதைக் கருத்திற்கொள்ள வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கம். நினைவகக் குறுக்கீட்டைக் கையாளும் நிரற்பகுதி மட்டும் இங்கு ஆய்வு எல்லையாகக் கொள்ளப்படுகிறது.

நிகழ்வும் பெயரும்

ஒரு நூலகத்தில் வாசகரின் மேசைமேல் சில நூல்களே இருக்கும். எஞ்சியவை கிடங்கில் இருக்கும். பட்டியலில் உள்ள நூலொன்றை வாசகர் கேட்க, அது மேசையில் இல்லையெனில் பணியாளர் அதைக் கிடங்கிலிருந்து கொணர்ந்து வைப்பார். வாசகர் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். மெய்நிகர் நினைவகம் இவ்வாறே இயங்குகிறது. நிரல் தனக்குப் பெரியதொரு தொடர் நினைவகம் இருப்பதாகக் கருதிச் செயற்படும். அந்நினைவகம் சம அளவுள்ள பக்கங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். வேண்டிய பக்கம் முதன்மை நினைவகத்தில் இல்லாதபோது வன்பொருள் நிரலை இடைநிறுத்திக் கருநிரலை அழைக்கும். கருநிரல் அப்பக்கத்தை வருவித்து, நின்ற கட்டளையை மீண்டும் தொடங்கச் செய்யும். நிரல் தொட்ட முகவரி அதற்கு உரியதே அன்றெனில் மட்டுமே அந்நிரல் நிறுத்தப்படும்.

இம்முறை முதன்முதலில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் தலைமையிலான குழு உருவாக்கிய அட்லஸ் கணினியில் நடைமுறைக்கு வந்தது. அக்கணினி 1962 டிசம்பர் 7 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அதன் பக்கம் ஒவ்வொன்றும் 512 சொற்களைக் கொண்டது. தேவையான பக்கம் இல்லாத நிலையை அதன் வடிவமைப்பாளர்கள் ‘இணையாமைக் குறுக்கீடு’ எனப் பொருள்படும் தொடரால் குறித்தனர். கேட்ட பக்கஎண், பதிவகங்களில் உள்ள எந்த எண்ணோடும் இணையவில்லை என்பதே அதன் பொருள். குற்றம், பிழை என்னும் கருத்து அப்பெயரில் இல்லை.

1960களின் நடுப்பகுதியில் தொடங்கிய மல்டிக்ஸ் திட்டத்தில் ‘ஃபால்ட்’ என்னும் சொல் வழக்கில் இருந்தது. அங்கும் ‘இல்லாத பக்கம் பற்றிய ஃபால்ட்’ என்றே அடைகொடுத்து வழங்கினர். பின்னாளில் அடை மறைந்து ‘பக்க ஃபால்ட்’ என்பது நிலைத்தது. ஆங்கிலத்தின் இச்சொல் பழைய பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. இல்லாமை, போதாமை என்பவை அதன் பழைய பொருள்கள். தவறு, குற்றம் என்பவை இன்று முன்நிற்கும் பொருள்கள். தமிழில் இதனைப் ‘பக்கப் பிழை’ என்றும் ‘பக்கத் தவறு’ என்றும் பெயர்க்கும் வழக்கம் உண்டு. அதைப் படிக்கும் மாணவர் ஏதோ கெட்டுவிட்டதாகவே எண்ணுவார். உண்மையில் ஒரு நிரல் தொடங்கி முடிவதற்குள் இத்தகைய குறுக்கீடுகள் நூற்றுக்கணக்கில் எழுந்து அடங்குகின்றன, எதுவும் கெடுவதில்லை.

இவ்விடத்தில் ‘குறை’ என்னும் தமிழ்ச்சொல் கருதத்தக்கது. ‘குறைவு’, ‘குறைநிரப்பு’ என்பவற்றில் இல்லாமைப் பொருளும், ‘குறை கூறுதல்’ என்பதில் குற்றப் பொருளும் அதற்கு உண்டு. ஆங்கிலச் சொல்லின் இரு பொருளையும் அது ஒருங்கே தாங்குவதோடு, இல்லாமைப் பொருளை இன்றும் உயிர்ப்புடன் வைத்திருக்கிறது. ஆகவே இக்கட்டுரை ‘பக்கக் குறை’ என்னும் தொடரையே ஆள்கிறது. இது வெறும் சொற்றேர்வுச் சிக்கல் அன்று என்பது பின்வரும் பகுதிகளில் புலனாகும்.

உரையின் பணி

நிரலின் கருத்துரை என்பது கணினி பொருட்படுத்தாது கடந்துசெல்லும் பகுதி. அது மனிதர்க்காகவே எழுதப்படுவது. சுருங்கிய மூலமும் அதனை விளக்கும் உரையும் அருகருகே நிற்கும் இவ்வமைப்பு தமிழாய்வாளர்க்குப் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல், உரையின் கூறுகளைப் பதினான்காக வகுக்கிறது. காண்டிகையுரை கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு ஆகியவற்றோடு வினாவும் விடையும் கொண்டு சூத்திரத்துள் அடங்கிய பொருளை வெளிக்கொணரும். விருத்தியுரை சூத்திரத்துள் இல்லாதனவும் அவ்விடத்துக்கு இன்றியமையாதனவுமானவற்றையும் சேர்த்து விளக்கும்.

இப்பகுப்பு நிரற் கருத்துரைகளை மதிப்பிடுவதற்கு ஏற்ற அளவுகோலாகும். ‘இங்கு எண்ணுடன் ஒன்று கூட்டப்படுகிறது’ என்று எழுதுவது வெறும் பதப்பொருள். நிரல் அறிந்தவர்க்கு அது தேவையற்றது. ‘இவ்விடத்தில் ஏன் கூட்ட வேண்டும்’ என்பது கருத்து. ‘எந்த வன்பொருளில் இது பயன்தராது’ என்பது விருத்தியுரையின்பாற் படும். பக்கக் குறையைக் கையாளும் நிரலில் இம்மூன்றாம் வகையே பெரிதும் வேண்டப்படுகிறது. ஏனெனில் அந்நிரல் வன்பொருளின் நடத்தை, தொகுப்பியின் வழக்கம், பயனர் நிரலின் எதிர்பார்ப்பு ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில் நிற்கிறது. இம்மூன்றில் எதுவும் நிரல்வரியில் எழுதப்பட்டிருப்பதில்லை.

யூனிக்ஸ் ஆறாம் பதிப்பும் லயன்ஸின் உரையும்

பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்ஸின் ஆறாம் பதிப்பு 1975இல் வெளிவந்தது. அது பிடிபி-11 வகைக் கணினிகளில் இயங்கியது. வேண்டியபோது பக்கங்களை வருவிக்கும் முறை அதில் இல்லை; முழு நிரலையும் உள்ளே கொணர்ந்து வெளியே அனுப்பும் முறையே இருந்தது. ஆயினும் குறையை நிரப்பும் செயல் ஒன்று அதில் உண்டு. நிரலின் அடுக்கு என்னும் நினைவகப் பகுதி மேலிருந்து கீழ்நோக்கி வளர்வது. நிரல் தன் அடுக்கின் எல்லையைத் தாண்டிக் கீழே தொடும்போது வன்பொருள் குறுக்கிடும். அடுக்குச் சுட்டி எல்லைக்குக் கீழே சென்றிருப்பின், கருநிரல் அடுக்கை நீட்டித்துக் கட்டளையை மீண்டும் தொடங்கும். இல்லையேல் நிரலுக்கு நிறுத்தக் குறிப்பு அனுப்பும்.

அவ்விடத்தில் அமைந்த கருத்துரை சில வரிகளே கொண்டது. அதன் சாரம் வருமாறு: அடுக்கு தானாக நீட்டிக்கப்படும் என்று அது முதலில் கூறுகிறது. பாதியில் நின்ற கட்டளையை வன்பொருள் மீண்டும் தொடங்கவல்லது என்னும் நம்பிக்கையின்மீதே இச்செயல் நிற்கிறது என்று அடுத்துக் கூறுகிறது. பிடிபி-11/40 கணினியில் அவ்வாற்றல் இல்லை என்றும், அதனை ஈடுசெய்ய எழுதப்பட்ட துணைநிரல் தோல்வியுறக்கூடும் என்றும் எச்சரிக்கிறது. இறுதியில், அடுக்குச் சுட்டியை ஒரே கட்டளையில் இருமுறை குறைக்கும் ஒப்பீட்டுக் கட்டளை ஒன்றை எடுத்துக்காட்டாகத் தருகிறது.

இதனை நன்னூல் வழி நோக்கினால் கருத்தும், காரணமும், எடுத்துக்காட்டும் முறையே அமைந்திருப்பதைக் காணலாம். பிடிபி-11/45 கணினியில் கட்டளையின்போது பதிவகங்கள் எவ்வளவு மாறின என்பதைக் குறித்துவைக்கும் தனிப் பதிவகம் இருந்தது; 11/40இல் அது இல்லை. ஆகவே கட்டளையின் முதற்கூறில் குறுக்கீடு நேர்ந்ததா, இரண்டாம் கூறில் நேர்ந்ததா என்பதைக் கருநிரல் ஊகித்தே அறிய வேண்டியிருந்தது. நிரல்வரிகளை எத்தனை முறை படித்தாலும் இவ்வுண்மை வெளிப்படாது. தன் நிரல் எங்குத் தோற்கும் என்பதை எழுதியவரே அவ்விடத்தில் பதிவுசெய்திருப்பது இக்கருத்துரையின் தனிச்சிறப்பு.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜான் லயன்ஸ், இவ்வாறாம் பதிப்பின் கருநிரல் முழுமைக்கும் மாணவர்க்காக ஓர் உரை எழுதினார். 1976, 1977ஆம் ஆண்டுகளில் அது இரு தொகுதிகளாக வெளிவந்தது. ஒன்றில் வரிஎண் இடப்பட்ட சுமார் 9,000 வரிகள் கொண்ட மூலநிரல். மற்றொன்றில் அவ்வெண்களைச் சுட்டி எழுதப்பட்ட உரை. இரண்டையும் அருகருகே விரித்துப் படிக்க வேண்டும் என்பது அமைப்பு. 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிம விதிகள் மூலநிரலை வகுப்பறையில் கற்பிப்பதைத் தடுத்தன. அதன்பின் லயன்ஸின் உரை படியெடுக்கப்பட்டுக் கைமாறிப் பரவியது. 1996இல்தான் அது முறையாக நூல்வடிவம் பெற்றது. ஏட்டுச்சுவடிகள் படியெடுக்கப்பட்டு நிலைத்த வரலாற்றை அறிந்த தமிழாய்வாளர்க்கு இந்நிகழ்வு அயலானதாகத் தோன்றாது.

அதே ஆறாம் பதிப்பில், நிரல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தில் ‘இதை நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என எதிர்பார்க்கவில்லை’ என்னும் பொருள்பட அமைந்த கருத்துரை பெரும்புகழ் பெற்றது. அதனை எழுதிய டென்னிஸ் ரிட்சி, தேர்வில் இப்பகுதி வராது என்று சொல்லும் பாங்கிலேயே அவ்வாறு எழுதியதாகவும், அங்கிருந்த நிரலைத் தாங்களே சரிவரப் புரிந்துகொண்டிருக்கவில்லை என்றும் பின்னர் விளக்கினார். புகழ்பெற்றது இக்கருத்துரை, மாணவர்க்குப் பயன்பட்டது அடுக்கைப் பற்றிய முன்னதே.

லினக்ஸில் ‘எப்போதும்’ என்னும் சொல்

1979 இறுதியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வெளியீடு, வேண்டியபோது பக்கங்களை வருவிக்கும் முறையை வாக்ஸ் கணினிகளில் யூனிக்ஸுக்குக் கொணர்ந்தது. இந்தியாவைப் பொறுத்தவரை, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973இல் ஐபிஎம் 370/155 நிறுவப்பட்டது. அம்மாதிரி 1970இல் அறிவிக்கப்பட்டபோது மெய்நிகர் நினைவக வசதி அற்றது. 1972 ஆகஸ்டில்தான் அவ்வசதியை அந்நிறுவனம் 370 வரிசைக்கு அறிவித்தது. பெருங்கணினிகளுக்கு மட்டும் உரியதாயிருந்த இவ்வசதி, 1980களின் நடுவில் வந்த இன்டெல் 386 சில்லின் வழியாகத் தனிநபர் கணினிகளிலும் இடம்பெற்றது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அச்சில்லுக்காகவே லினக்ஸை எழுதத் தொடங்கினார்.

லினக்ஸின் எக்ஸ்86 பிரிவில் பக்கக் குறையைக் கையாளும் கோப்பிலும் அடுக்கு நீட்சி பற்றிய கருத்துரை ஒன்று நெடுங்காலம் இருந்தது. அடுக்குச் சுட்டிக்குக் கீழே நினைவகத்தைத் தொடுவது எப்போதும் பிழையே என்பது அதன் முதல் தொடரின் பொருள். சுட்டியை மாற்றுமுன் மதிப்புகளை எழுதும் சில கட்டளைகளுக்காகச் சிறிது இடம் விடப்படுகிறது என்று அது தொடர்ந்து விளக்கும். பழைய வடிவில் அவ்விடைவெளி 32 பைட்டு. பின்னர் ‘என்டர்’ என்னும் கட்டளை ஒரே வீச்சில் 32 சுட்டிகளை எழுதிவிட்டு அடுக்குச் சுட்டியை 65,535 பைட்டு குறைக்கவல்லது என்பது கருத்தில் கொள்ளப்பட்டு, இடைவெளி 65,536 பைட்டுடன் 32 சுட்டிகளின் அளவாக விரிந்தது. கருத்துரையிலும் அவ்வெடுத்துக்காட்டு சேர்க்கப்பட்டது. எண் மாறியது, எடுத்துக்காட்டு மாறியது, ‘எப்போதும்’ என்னும் சொல் மட்டும் மாறவில்லை.

2018இன் இறுதியில் வைமன் லாங் அளித்த திருத்தம் இச்சோதனையை முற்றாக நீக்கியது. அதற்கு அவர் காட்டிய காரணம் நோக்கத்தக்கது. அடுக்கில் போதிய இடம் உள்ளதா என்பதை முன்கூட்டியே தொட்டுப் பார்க்கும் நிரலை ஜிசிசி தொகுப்பி ஒரு தெரிவின்வழி உண்டாக்கும். புதிய ஜிசிசி, சுட்டியையும் உடன் நகர்த்திக்கொண்டே தொடும். பழைய ஜிசிசி, சுட்டியை நகர்த்தாமலேயே வெகுதொலைவு கீழே தொடும். ஆகவே பழைய தொகுப்பியால் அமைந்த சில நிரல்கள் தொடங்கும்போதே நிறுத்தப்பட்டன. அந்நிரல்கள் செய்தது பாதுகாப்பு கருதிய சோதனை. கருநிரல் அதனைக் குற்றமாகக் கொண்டது.

1975ஆம் ஆண்டுக் கருத்துரையையும் இதனையும் ஒப்பிடுவது பயனுடையது. இரண்டும் ஒரே சிக்கலைப் பேசுகின்றன. இரண்டும் கட்டளையொன்றை எடுத்துக்காட்டாகத் தருகின்றன. முன்னது தன் நம்பிக்கை எதன்மீது நிற்கிறது, எங்குப் பொய்க்கும் என்பதைச் சொல்கிறது. பின்னது பொதுவிதி ஒன்றைக் கூறி, அதற்கு விலக்காகச் சில கட்டளைகளை மட்டும் ஏற்கிறது. விலக்குகள் ஒவ்வொன்றாகப் பெருகியபோதும் விதி மீளாய்வு செய்யப்படவில்லை. குறையா, பிழையா என்னும் வினா இவ்விடத்தில் கலைச்சொல் அளவில் நின்றுவிடாமல், ஒரு நிரல் இயங்குமா மடியுமா என்பதையே முடிவுசெய்தது.

இங்குத் தமிழ் உரைமரபிலிருந்து நிரல்மரபு விலகும் இடமும் தெளிவாகிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு இளம்பூரணர் எழுதியதைச் சேனாவரையர் மறுத்தார். நச்சினார்க்கினியர் வேறு கோணத்தில் நோக்கினார். பாடவேறுபாடுகள் இருப்பினும் நூற்பாக்களை எவரும் திருத்த முற்படவில்லை. உரைகள் அடுத்தடுத்து நிற்க, மூலம் நிலைத்தது. கருநிரலில் மூலம் நாள்தோறும் மாறுகிறது. உரை மாறாவிடினும் கணினி இயங்கும். எனவே காலங்கடந்த உரையைக் காட்டிக்கொடுக்க எந்த எந்திரமும் இல்லை. படிப்பவர் ஏமாறும்போதுதான் அது வெளிப்படும்.

செய்முறைத் தாளின் குறிப்பு

இச்சிக்கல் கணினிக்கு மட்டும் உரியதன்று. வேலூர், ஆம்பூர் வட்டாரத் தோல் தொழிலிலும் இதற்கு இணையான நிலை உண்டு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட பழைய மரபோடு, இருபதாம் நூற்றாண்டில் குரோம் முறையும் இங்கு வேரூன்றியது. குரோம் பதனிடுதலில் டிரம்மில் சுழலும் தோலுக்கு எந்த இரசாயனம், தோல் எடையில் எத்தனை விழுக்காடு, எவ்வளவு நேரம் என்பவை செய்முறைத் தாளில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அருகில் குறிப்புக்கென ஓர் இடம் இருக்கும். குரோம் உப்பு தோலுக்குள் ஊடுருவிய பின்னர், அதனை நாரோடு பிணைக்கச் சோடியம் பைகார்பனேட்டைத் தவணைகளாகப் பிரித்து இடுவது வழக்கம். ஒரே தடவையில் இட்டால் அமிலத்தன்மை திடீரெனக் குறைந்து குரோமியம் மேற்பரப்பிலேயே படிந்துவிடும். உட்பகுதி பதம் பெறாது. ‘தவணையாக இடுக’ என்பது மூலம். அதன் காரணம் உரை.

மெதுவாகக் கரையும் மெக்னீசியம் ஆக்சைடு பைகார்பனேட்டுக்கு மாற்றாக வந்தபோது நிலை மாறியது. அதனை ஒரே தவணையில் இடலாம். கரைவதன் மெதுவே தவணையின் வேலையைச் செய்துவிடுகிறது. காரணம் எழுதப்பட்ட தாளை வைத்திருப்பவர், புதிய இரசாயனத்துக்குப் பழைய குறிப்பு பொருந்தாது என்பதை உணர்வார். ‘தவணையாக இடுக’ என்று மட்டும் எழுதப்பட்ட தாளை வைத்திருப்பவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. காரணம் கூறும் உரை, தான் எப்போது காலாவதியாகும் என்பதையும் உடன் கூறிவிடுகிறது. யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கருத்துரை இவ்வகையினது.

உரை மூலத்துள் புகுதல்

காலங்கடந்த உரையைத் திருத்த லினக்ஸ் நிரலாளர்கள் கையாண்ட வழிகளுள் இரண்டு இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. முதலாவது, உரையை மட்டுமே திருத்துதல். ஒரு நிரலின் முகவரிவெளியைக் காக்கும் பூட்டு நெடுங்காலம் ‘எம்மேப்-செம்’ எனப் பெயர்பெற்றிருந்தது. பக்கக் குறையைக் கையாளும்போது இப்பூட்டை எப்போது பிடிக்கலாம், எப்போது பிடித்தால் முட்டுநிலை உண்டாகும் என்பதைக் கருத்துரைகள் பல இடங்களில் விளக்கின. 2020இல் மிஷெல் லெஸ்பினாஸ் அப்பூட்டின் பெயரை ‘எம்மேப்-லாக்’ என மாற்றியபோது, நிரல்வரிகளுக்கான திருத்தங்களோடு, கருத்துரைகளில் உள்ள பழைய பெயரை மாற்றுவதற்கென்றே தனித் திருத்தம் ஒன்றும் அளிக்கப்பட்டது. கணினியின் செயலில் அணுவளவும் மாற்றம் விளைவிக்காத திருத்தம் அது. ஆயினும் இல்லாத பூட்டைத் தேடி அலையும் இடர் படிப்பவர்க்கு நீங்கியது.

இரண்டாவது வழி, உரையில் இருந்த அறிவை மூலத்துக்குள் கொணர்தல். இதற்கு இந்திய நிரலாளர் ஒருவரின் பணி சான்றாகிறது. லினக்ஸில் பெரும்பாலான செயற்கூறுகள் தோல்வியுறும்போது எதிர்ம எண்ணாக அமைந்த பிழைக்குறியெண்ணைத் திருப்பித் தருவன. பக்கக் குறையைக் கையாளும் செயற்கூறுகள் மட்டும் வேறொரு தொகுதியைச் சார்ந்த நிலைக்குறிகளைத் தர வேண்டும். பக்கம் வந்துவிட்டது, வட்டிலிருந்து படிக்க நேர்ந்தது, மீண்டும் முயல்க, முகவரி உரியதன்று என்பன போன்றவை அவை. இரண்டும் ஒரே முழுஎண் தரவினத்தில் எழுதப்பட்டதால், சாதன இயக்கிகளை எழுதியோர் சில இடங்களில் ஒன்றுக்கு மாறாக மற்றொன்றைத் தந்தனர். தொகுப்பி அதனைக் கண்டுகொள்ளவில்லை.

2018இல் சௌப்திக் ஜோர்தார், மேத்யூ வில்காக்ஸுடன் இணைந்து, இந்நிலைக்குறிகளுக்கென ‘விஎம்-ஃபால்ட்-டி’ என்னும் தனித் தரவினத்தைக் கருநிரல் முழுவதும் பரப்பும் பணியை மேற்கொண்டார். திருத்தம் ஒவ்வொன்றின் குறிப்பிலும் இது இப்போதைக்கு ஆவணப்படுத்தல் மட்டுமே என்றும், எல்லா இடங்களும் மாறியபின் இது தனித் தரவினமாகும் என்றும் விளக்கப்பட்டது. அதாவது, தொடக்கத்தில் அது உரை, இறுதியில் மூலம். சாதன இயக்கிகள், கோப்பு முறைமைகள் எனப் பல பிரிவுகளில் சிறுசிறு திருத்தங்களாக இப்பணி நடந்தது. பிழைக்குறியெண்ணும் குறைநிலையும் வேறுவேறு என்பதைக் கருநிரலே தன் இலக்கணத்தில் ஏற்றுக்கொண்டது என்பது இதன் விளைவு. தமிழில் இரண்டையும் ‘பிழை’ என ஒரே சொல்லால் வழங்கினால், மூலம் வலிந்து பிரித்ததை மொழிபெயர்ப்பு மீண்டும் கலந்துவிடும்.

தமிழில் உரை எழுதுவோர்க்கு

2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழ் போன்ற முயற்சிகளால் கட்டற்ற மென்பொருள் பற்றிய தமிழ் எழுத்து வளர்ந்துள்ளது. பயன்பாடு பற்றிய எழுத்தோடு கருநிரல் பற்றிய உரையும் தமிழில் பெருகவேண்டும். மேற்கண்ட வரலாற்றிலிருந்து அதற்கு உதவும் சில நெறிகளைப் பெறலாம்.

ஒன்று, உரை எப்பதிப்புக்கு உரியது என்பதை முதலிலேயே குறித்தல் வேண்டும். லயன்ஸின் உரை இன்றும் பயன்படுவதற்குக் காரணம் அது ஆறாம் பதிப்பு என்னும் ஒரே மூலத்தோடு கட்டுண்டிருப்பதே. சுவடிப் பதிப்பாசிரியர்கள் தாம் கொண்ட பாடத்தைக் குறிப்பிடுவது போன்றது இது.

இரண்டு, பதப்பொருளைச் சுருக்கிக் காரணத்தை விரித்தல் வேண்டும். நிரல் என்ன செய்கிறது என்பதை மாணவர் நிரலைப் படித்தே அறியலாம். எந்த வன்பொருளை, எந்தத் தொகுப்பியை நம்பி அவ்வாறு செய்கிறது என்பதை உரையே கூறவேண்டும். இதற்கான தரவு கருத்துரைகளைவிடத் திருத்தக் குறிப்புகளில் மிகுதி. 2005 முதல் லினக்ஸின் மாற்றங்கள் கிட் என்னும் முறைமையில் பதிவாகின்றன. ஒவ்வொரு வரியும் எவரால், எப்போது, எக்காரணத்தால் வந்தது என்பதை அதன்வழி அறியலாம். நீக்கப்பட்ட கருத்துரையின் வரலாறும் அங்கே கிடைக்கிறது. அப்பதிவேட்டைக் கருநிரலின் விருத்தியுரை எனக் கருதலாம்.

மூன்று, கலைச்சொல் நிகழ்வின் தன்மைக்கு இயைந்ததாக இருத்தல் வேண்டும். ‘பக்கக் குறை’ என்று கொண்டால், வட்டிலிருந்து படிக்க வேண்டாதது ‘சிறுகுறை’, படிக்க வேண்டியது ‘பெருங்குறை’, உரிமையற்ற முகவரியைத் தொடுவது ‘அத்துமீறல்’ என்று பகுத்து வழங்க இயலும். ‘பிழை’ என்பதைப் பிழைக்குறியெண்ணுக்கு மட்டும் ஒதுக்கலாம்.

முடிவுரை

பக்கக் குறையைக் கையாளும் நிரலின் கருத்துரைகள், வன்பொருளும் தொகுப்பியும் பயனர் நிரலும் தமக்குள் கொண்டுள்ள எழுதப்படாத உடன்பாடுகளைப் பதிவுசெய்கின்றன. யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கருத்துரை தான் நிற்கும் அடிப்படையையும் தோற்கும் இடத்தையும் கூறியதால் நிலைத்த பயன் தந்தது. லினக்ஸின் அடுக்கு பற்றிய கருத்துரை ‘எப்போதும் பிழை’ என்று பொதுமைப்படுத்தியதால் 2018இல் சோதனையோடு சேர்ந்து நீங்கியது. அதே காலப்பகுதியில் ‘விஎம்-ஃபால்ட்-டி’ தரவினம், உரையில் மட்டும் இருந்த வேறுபாட்டை மூலத்துள் நிலைநிறுத்தியது.

மாறும் மூலத்துக்கு உரை எழுதுவோர், தம் உரை எந்தக் காரணம் நிலைக்கும்வரை செல்லும் என்பதையும் உடன் எழுதவேண்டியவராகின்றனர். நிலைத்த மூலத்துக்கு உரை கண்ட தமிழ் மரபு இத்தேவையைச் சந்திக்கவில்லை. எனினும் கருத்து, காரணம், எடுத்துக்காட்டு, வினா, விடை என அது வகுத்த கூறுகள் இப்பணிக்கு முழுமையாகப் பயன்படுவன. திரையில் எழும் ‘ஃபால்ட்’ என்னும் சொல்லைக் கண்டு தம் கணினி பழுதுற்றதாக எண்ணும் மாணவர்க்கு, அது நிரப்பப்படக் காத்திருக்கும் ஓர் இடம் என்பதைத் தமிழில் சொல்லும் உரையே இன்று முதலில் எழுதப்பட வேண்டியது.